கடன் வாங்கிய ரிக்‌ஷா

ஆசிரமத்துச் சாலை ஆட்டோ ஸ்டாண்டில் பெண்களுக்கு இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வேலை சுலபம். நடுரோட்டில் நின்று நாலு பேர் பார்க்கச் சண்டை போட்டிருப்பேன். "லேடீஸ் வந்தா நல்லதுதான மேடம்" என்றுதான் சொன்னார்கள். கூடவே ஒன்று சொன்னார்கள்: "இங்லீஷ் மட்டும் தெரிஞ்சிருக்கணும்."

மேடம் என்றது என்னை. இடம் கேட்டது நானில்லை, என் அண்ணி திரௌபதி. அண்ணன் கோபி வாங்கிய ஆட்டோ அது. அவன் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போன பிறகு கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. அண்ணி தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டு ஓட்டக் கற்றுக்கொண்டாள், லைசென்ஸ் எடுத்தாள், கீழ்பென்னாத்தூரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள். அதில் டீசலுக்குப் போக மிச்சம் கம்மி. அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான்: திருவண்ணாமலையில் நல்ல ஸ்டாண்டு கிடைத்தால் ஓட்டு, இல்லையென்றால் வருகிற மாதம் வண்டியை விற்றுவிடுவேன். விற்றால் அண்ணி மறுபடியும் ஷூ கம்பெனிக்குப் போக வேண்டும். விடியுமுன் பஸ், நாளெல்லாம் பசை வாடை. இரண்டு வருஷம் போய்விட்டு வந்தவள்தான். அந்த நாட்களில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதனால்தான் ஸ்டாண்டு செகரட்டரி பீர் முகம்மதிடம் நானே பேசப் போனேன். எங்கள் வம்சத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். பி.ஏ. ஆங்கில இலக்கியம், அரசு கலைக்கல்லூரி. இப்போது வேங்கிக்காலில் ஒரு இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஊராருக்குச் சாதிச் சான்றிதழ் விண்ணப்பிக்கிறேன். கோபம் வருவதற்கு அது ஒன்றே போதும்.

"பாய், உங்க ஸ்டாண்டுல எல்லாருக்கும் இங்லீஷ் வருமா?"

"ஏதோ சமாளிப்பாங்கம்மா."

"எங்க அண்ணியும் சமாளிப்பாங்க."

"அது சரிதாம்மா. ஆனா முதல் சவாரின்னு ஒண்ணு இருக்குதே."

அது அவர்கள் ஸ்டாண்டு வழக்கம். புதிதாக வருகிற வண்டியை ஒருநாள் காலையில் வரிசைக்கு முன்னால் நிறுத்துவார்கள். மற்றவர்கள் டீக்கடையில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். வாய் திறக்கக் கூடாது. வருகிற பார்ட்டி தானாக அந்த வண்டியில் ஏறி, சவாரி முடிந்து சண்டையில்லாமல் இறங்கினால், புது ஆள் ஸ்டாண்டு ஆள். பார்ட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டாவது வண்டிக்குப் போய்விட்டால், வந்த வழியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"சரி, ஏறட்டும் பாய். யார் வேணா ஏறட்டும்."

"யார் வேணான்னா எப்படி மேடம்?" என்று நடுவில் வந்தான் விமல்ராஜ். கறுப்புக் கண்ணாடி, காதில் கடுக்கன், ஃபாரினர்களோடு சுற்றிச் சுற்றி அமெரிக்க இங்லீஷ் பழகியவன். "இது ஃபாரினர் ஏரியா. தமிழ் தெரியாத பார்ட்டியா இருக்கணும்."

"உன் முதல் சவாரி யாரு?"

அவன் கண்ணாடியைத் துடைத்தான். பீர் பாய்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "செங்கம் பக்கத்துல ஒரு கல்யாண கோஷ்டி."

"அப்ப எங்க அண்ணிக்கு மட்டும் எதுக்கு தனி ரூல்ஸ்?"

எல்லோரும் ரொம்ப மரியாதையாக டீ குடித்தார்கள். அந்த ரூல்ஸை மாற்றாமலே, வருகிற பௌர்ணமி அன்று காலை என்று நாள் குறித்தார்கள்.

பாடம் ஆட்டோவிலேயே நடந்தது. தினமும் காலையில் அண்ணி என்னைக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேங்கிக்காலில் கொண்டுவந்து இறக்குவாள். நான் பின்சீட்டில் உட்கார்ந்து லாரிச் சத்தத்துக்கு மேல் கத்துவேன். ஐ ஆம், யூ ஆர், ஹி ஈஸ். அண்ணியும் கத்துவாள். முதல் வாரம் அப்படியே போனது. வீட்டில் நின்று, "நான்தான் வெள்ளைக்காரன், என்ன கூப்பிடு" என்றேன். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"இன்னா அண்ணி, ரோட்ல அந்தக் கத்து கத்தினியே?"

"அது உங்கிட்ட. அவங்ககிட்ட பேசணும்னு நெனச்சாலே, கவி, யார் ஊட்டுக்குள்ளயோ செருப்பு போட்டுக்கினு நொழையற மாதிரி இருக்குது."

எனக்கு அந்த உணர்வு நன்றாகத் தெரியும். மூன்று வருஷம் கல்லூரி வகுப்பில் அந்தச் செருப்போடுதான் உட்கார்ந்திருந்தேன். கான்வென்ட் பெண்கள் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் கால்விரல்களை மடக்கிக்கொள்வேன். அந்தக் கோபம் இப்போது அண்ணி மேல் வந்தது. பிறகுதான் அந்த இங்லீஷ் பக்கம் திரும்பியது.

மறுநாள் காலை வண்டியில் ஏறியதும் சொன்னேன்: "அந்த இங்லீஷ் அவங்க ஊடே இல்ல அண்ணி. பாதி சாமான் கடன் வாங்கினது."

"யாருகிட்ட?"

"கிடைச்சவங்ககிட்ட எல்லாம். நீ ஓட்டறியே, இது இன்னா?"

"ஆட்டோ."

"முழுப் பேரு?"

"ஆட்டோ ரிக்‌ஷா."

"ரிக்‌ஷா ஜப்பான்காரன் வார்த்தை. கராத்தே?"

"நம்ம பசங்க செவுத்துல போஸ்டர் ஒட்டிக்கிறானுங்களே, அதுவா?"

"அதுவேதான். ஜப்பான். எமோஜியும் ஜப்பான்."

"எமோஜின்னா?"

"எங்க அண்ணனுக்கு தெனம் ஃபோன்ல அனுப்பறியே முத்தம், அது."

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்னால் வந்த மினி பஸ் ஹாரன் அடித்தது. "அடிப்பாவி! என் ஃபோன நோண்டினியா?" என்று திரும்பி என் முட்டியில் ஒரு அடி வைத்தாள். பிறகு அரைக் கிலோமீட்டர் தூரம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு ஓட்டினாள்.

"பங்களா?" என்றேன்.

"அது தமிழ்தான? பேய் பங்களான்னு சொல்றமே?"

"நாமளும் வாங்கினதுதான். வங்காளத்து ஊடுங்க மாதிரி கட்டினதால அந்தப் பேரு. சணல் இருக்குல்ல, மல்லாட்ட மூட்டை கட்ற சாக்கு? அதுக்கு அவன் சொல்ற ஜூட், வங்காளிகிட்ட வாங்கினது. டிங்கின்னு சின்னப் படகு, அதுவும் அந்தப் பக்கம்தான்."

கல்லூரியில் இது ஐந்து மதிப்பெண் கேள்வி. கடன் சொற்கள், சிறுகுறிப்பு வரைக. நான் நெட்டுருப் போட்டு எழுதிவிட்டு வந்தேன். ஐந்துக்கு மூன்றரை போட்டார்கள். அதை வைத்து ஒருவர் தலைநிமிரலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. யாரும் சொல்லவுமில்லை.

அண்ணி யோசித்துக்கொண்டே கியர் மாற்றினாள். "ஏறிப் போற வண்டிக்குப் பேரு ஜப்பான்ல வாங்கினான். படுக்கற ஊட்டுக்குப் பேரு வங்காளத்துல வாங்கினான். அப்புறம் அவன்து இன்னாதான்டி?"

"கூச்சப்படாம வாங்கினான் பாரு, அதான் அவன்து. கட்டுமரத்தையும் நம்மகிட்டதான் வாங்கினான்."

"எங்கப்பா ஓட்டினாரே, அந்தக் கட்டுமரமா?"

"அதே."

"திருப்பிக் குடுத்தானா?"

"எங்க குடுத்தான்?"

"வரட்டும், கேக்கறேன்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டபோதே தெரிந்தது, செருப்பைப் பற்றிய பயம் கொஞ்சம் விட்டிருக்கிறது என்று. நான் உற்சாகத்தில் யோசிக்காமல் அடுத்ததைச் சொன்னேன்: "சுனாமியும் ஜப்பான் வார்த்தை அண்ணி."

வண்டி மெதுவானது. அண்ணி பிறந்தது கடலூர் தேவனாம்பட்டினம். அந்த டிசம்பர் காலையில் அவளுக்கு ஏழெட்டு வயது. வீடும் கட்டுமரமும் போய், இருந்த உயிர்களோடு உறவுக்காரர்களைத் தேடி இந்தப் பக்கம் வந்த குடும்பம்.

"அது நம்ம வார்த்தை இல்லியா?" என்றாள். "அந்தத் தண்ணி வர்றதுக்கு முன்னாடி எங்கூர்ல யாருக்கும் அந்தப் பேரு தெரியாது. வந்தப்புறம் கொழந்தைங்ககூட சொல்லுச்சுங்க. நம்மாளுங்கதான் யாரோ பேரு வெச்சாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." ஒரு வேகத்தடை வந்தது, ஏறி இறங்கினாள். "அப்ப அங்கயும் வந்துருக்குது."

"நெறய தடவ."

"அதான் அதுக்குன்னு பேரு வெச்சிருக்காங்க" என்றாள். வேங்கிக்கால் வந்துவிட்டது.

பௌர்ணமி அன்று நான் லீவு போட்டேன். காலையிலேயே ஊர் நிரம்பிக் கிடந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் பஸ், வேன், தலையில் பை, கையில் பிள்ளை. மதியத்துக்கு மேல் கிரிவலப் பாதையில் வண்டி விட மாட்டார்கள். போலீஸ் தடுப்பு போட்டுவிடும். அதற்குள் சவாரி நடந்தாக வேண்டும்.

அண்ணி வண்டியைக் கழுவி, விபூதிப் பட்டை போட்டு, எலுமிச்சம்பழம் கட்டி வரிசையின் முன்னால் நிறுத்தியிருந்தாள். காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் விமல்ராஜின் வண்டி. நான் டீக்கடையில், எதிரணியோடு. வாய் திறக்கக் கூடாது என்று பீர் பாய் எனக்குத் தனியாக ஒரு தடவை சொன்னார்.

முதலில் விழுப்புரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. "எம்மா, சுத்தி வர எவ்ளோ?"

"நீங்க தமிழா?"

"ஆமா."

"அப்ப ஏறக் கூடாது. அடுத்த ஸ்டாண்டுக்குப் போங்க."

"இது இன்னாடி கூத்து!" என்று அந்த அம்மாள் திட்டிக்கொண்டே போனார். அடுத்து வந்தவர்களும் தமிழ். அதற்கடுத்து வந்தவர்கள் சித்தூர்க்காரர்கள். தெலுங்கு பேசினாலும் தமிழும் பேசிவிட்டார்கள். அண்ணி ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினாள். டீக்கடையில் சிரிப்புத் தாங்கவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது. வருகிற சவாரியை எல்லாம் விரட்டுவதற்கு ஒரு ஸ்டாண்டு, அதற்கு ஒரு விதி!

கடைசியில் இரண்டு பெரியவர்கள் வந்தார்கள். ஒருவர் ஜப்பான்காரர், ஒல்லி, வெள்ளைத் தொப்பி, அதில் சின்னதாக ஜப்பான் கொடி. மற்றவர் வேட்டியும் ஜிப்பாவுமாய், கையில் குடையோடு ஒரு வங்காளி. ஆசிரம விடுதியில் பக்கத்துப் பக்கத்து அறையாம், பிறகு தெரிந்தது. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பாதிதான் புரியும். இரண்டு பேருக்கும் இங்லீஷ் கொஞ்சம்தான். ஆனாலும் பிரிய மாட்டார்கள்.

"மவுண்டன்," என்றார் ஜப்பான்காரர். விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். "ஃபைவ் ஓ கிளாக். மூன்."

அண்ணி வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

நான் டீ கிளாஸை இறுக்கிப் பிடித்தேன். வங்காளி குடையை ஊன்றிக்கொண்டு அண்ணியை மேலும் கீழும் பார்த்தார். "யூ... டிரைவர்?"

அந்த நேரம் பார்த்து விமல்ராஜ் நுழைந்தான். "ஹே பாஸ்! ஃபைவ் ஓ கிளாக், ஃபுல் மூன், நோ ப்ராப்ளம், ஐ கொன்னா டேக் யூ, ஆஸம் வைப்ஸ், கம் கம்!"

"டேய்!" நான் கத்திவிட்டேன். "வாய் தொறக்கக் கூடாதுன்னு யாருடா சொன்னது? அஞ்சு மணிக்கு அந்த ரோட்ல உங்கப்பன் ஊட்டு ஹெலிகாப்டர்லயா இட்டுக்கினு போவ?"

"மேடம், நீங்களும் இப்ப பேசறீங்க."

"ரெண்டு பேரும் பேசாதீங்க!" என்று பீர் பாய் கத்தினார். அவரும் பேசிவிட்டார்.

இந்தக் கலவரத்தில் இரண்டு பெரியவர்களும் மிரண்டு ஒரு அடி பின்னால் போனார்கள். விமல்ராஜ் சொன்னதில் அவர்களுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. அண்ணி அதைப் பார்த்தாள். வண்டியிலிருந்து இறங்கினாள். வண்டியின் தகரத்தில் படார் என்று ஒரு தட்டுத் தட்டினாள்.

"சார்! ரிக்‌ஷா! யுவர் வேர்டு! ஜப்பான் வேர்டு!"

ஜப்பான்காரர் தொப்பியைக் கழற்றினார். "ஓ," என்றார். "ஓ! ஜின்ரிகிஷா!"

"தேங்க்யூ சார். ஐ டிரைவ்." பிறகு வங்காளியைப் பார்த்து, "சார், பங்களா! யுவர் வேர்டு! ஜூட், யுவர் வேர்டு!"

வங்காளிக்குப் பல் எல்லாம் தெரிந்தது. "பாங்க்ளா! யெஸ், யெஸ், மை வேர்டு!" ஏதோ இப்போதுதான் அந்த வீட்டுப் பத்திரம் அவர் கைக்கு வந்ததுபோல நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

அண்ணிக்கு வேகம் வந்துவிட்டது. கையிரண்டையும் விரித்தாள். "ஃபைவ் ஓ கிளாக், நோ. டுடே பௌர்ணமி. ஈவினிங், பீப்பிள் சுனாமி! போலீஸ். ரிக்‌ஷா நோ. நவ் கோ. மவுண்டன் ரவுண்டு. ஆஃப்டர், பங்களா, ஸ்லீப். ஈவினிங், வாக்கிங், மூன்!"

இதில் எந்த வார்த்தையும் இலக்கணத்துக்குள் அடங்கவில்லை. ஆனால் ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போகவில்லை.

ஜப்பான்காரர் முகம் மட்டும் சட்டென்று மாறியது. தொப்பியை மறுபடி போடாமல் கையிலேயே வைத்திருந்தார். போச்சு என்று நினைத்தேன். எந்த வார்த்தை என்று எனக்கே புரிந்துவிட்டது. அண்ணிக்கும் புரிந்தது. விரித்த கைகளை இறக்கினாள்.

"சாரி சார்," என்றாள். கையைத் தன் இடுப்பளவுக்குக் காட்டினாள். "மீ. ஸ்மால். கடலூர். சுனாமி." பிறகு இங்லீஷ் தீர்ந்துபோய்த் தமிழிலேயே, "எங்க ஊடு போய்டுச்சுங்க" என்றாள்.

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தலையை அசைத்தார். "மை டவுன்," என்றார். "ஆல்." அவ்வளவுதான் அவரிடமும் இங்லீஷ் இருந்தது. டீக்கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

வங்காளிதான் குடையால் தரையைத் தட்டினார். "ஸோ? மவுண்டன் கோ? ஆர் நோ கோ?"

ஜப்பான்காரர் சிரித்துவிட்டார். அண்ணியும் சிரித்தாள். "கோ, கோ! நவ் கோ!" என்றாள். இரண்டு பேரும் ஏறினார்கள். வண்டி கூட்டத்துக்குள் புகுந்து மறைகிறவரை நான் மூச்சு விட்டேனா என்று ஞாபகமில்லை.

"ஏறிட்டாங்க," என்றேன் பீர் பாயிடம்.

"எறங்கணும்ல" என்றார்.

"சண்டையில்லாம" என்றான் விமல்ராஜ். நான் பார்த்த பார்வையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டான். அவனே எனக்கு இன்னொரு டீயும் வாங்கிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். கோபம் கோபமாகவே இருந்தது, டீ நன்றாக இருந்தது.

மலையைச் சுற்றிக்கொண்டு அவர்கள் திரும்பி வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. தூரத்திலிருந்தே சத்தம் கேட்டது. வங்காளிப் பெரியவர் பாடிக்கொண்டு வந்தார், நல்ல கனமான குரல். அண்ணி பாட்டுக்கு ஏற்றபடி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தாள். மூன்று பேர் நெற்றியிலும் விபூதி. ஜப்பான்காரர் மடியில் அரைச் சீப்பு வாழைப்பழம்.

வண்டி நின்றதும் ஜப்பான்காரர் இறங்கினார். ஆனால் போகவில்லை. அண்ணியைக் கையைப் பிடித்து இறக்கி, பின்சீட்டில் வங்காளிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். "ஜின்," என்று தன் நெஞ்சைத் தொட்டார், மனிதன். "ரிகி," என்று புஜத்தை மடக்கிக் காட்டினார், பலம். "ஷா," என்று வண்டியைத் தட்டினார். பிறகு ஆட்டோவுக்கு முன்னால் போய் நின்று, முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் பின்னால் நீட்டி முன்பக்கத்துக் கம்பியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்.

"சலோ, சலோ!" என்று வங்காளி குடையை நீட்டி அதட்டினார். "கல்கத்தா! ஃபாஸ்ட்!"

வண்டி அசையவில்லை. ஒல்லி மனுஷன் எவ்வளவு இழுப்பார்? அண்ணி வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு, "ஐயோ சார், வேணாம் சார், நோ சார்" என்று கத்தினாள். விமல்ராஜ் ஓடிப்போய் வண்டிக்குப் பின்னால் கையை வைத்துத் தள்ளினான். பீர் பாயும் போனார். வண்டி உருண்டது. தெருவில் போன கிரிவலக் கூட்டம் நின்று கைதட்டியது. யாரோ "அரோகரா" என்றார்கள். நான் போட்ட விசில் எனக்கே காதை அடைத்தது.

பெரியவர்கள் இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். சாயங்காலம் நடந்து சுற்றப் போகிறார்களாம். அண்ணி வண்டிக்குப் பக்கத்தில் நின்று பீர் பாயைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார்.

"இன்னாம்மா இன்னும் முன்னாடியே நிக்கற?" என்றார். "சவாரி முடிச்ச வண்டி கடைசிலதான போய் நிக்கணும்? போ, லைன்ல போடு."

வாழ்நாளெல்லாம் யாராவது எங்களைக் கடைசியில் போய் நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், கல்லூரி சேர்க்கையில். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த ஒரு தடவை கண் நிறைந்துவிட்டது. விமல்ராஜ் பார்த்துவிடப் போகிறானே என்று திரும்பிக்கொண்டேன்.

அண்ணி வண்டியைத் திருப்பி, வரிசை முழுவதையும் ஒட்டி மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்க் கடைசி வண்டிக்குப் பின்னால் நிறுத்தினாள். கை பிரேக் போட்டாள். ஃபோனை எடுத்தாள்.

"ஏங்க, நான்தான். வண்டிய விக்கறத மறந்துடுங்க" என்றாள் என் அண்ணனிடம். "ஆங், கெடைச்சிடுச்சு. அது மட்டும் இல்ல. இது இனிமே சாதா வண்டி இல்லிங்க. ஜப்பான்காரரே எறங்கி இழுத்த வண்டி!"